ஐந்தாவது ஃபவுல்

பெருமாயி டீச்சரைப் பற்றி மேடையில் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று கல்லூரி முதல்வர் சொன்னபோது மயிலம்மாள் உடனே தலையாட்டிவிட்டாள். அவளை விட்டால் பேச ஆளும் இல்லை. டீச்சரிடம் இரண்டு வருஷம் கூடைப்பந்து ஆடியவள். பிறகு அதே சேலத்துக் கல்லூரியில் டீச்சருக்கு உதவியாக எட்டு வருஷம் வேலை பார்த்தவள். சித்திரையில் டீச்சர் கண்ணை மூடிய பிறகு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். "ஐம்பத்தேழாம் வருஷத்துக் கோப்பையைப் பத்தி விரிவாச் சொல்லுங்க. நம்ம காலேஜுக்கு அதுதானே பெருமை" என்றார் முதல்வர். அதற்கும் தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவள் கெட்டிக்காரி.

பேச்சுக்குக் குறிப்பு ஏதாவது தேறுமா என்று டீச்சரின் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். இரண்டு பழைய விசில், பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு, கைப்பிடி போன ஒரு குடை, வருஷ வாரியாக நூல் போட்டுக் கட்டிய ஸ்கோர் ஷீட்டுகள். ஐம்பத்தேழாம் வருஷக் கட்டை எடுத்து, இறுதி ஆட்டத்தின் தாளைப் பிரித்தாள். பிரித்த கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எட்டாம் எண் ராமாயி. அவள் பெயருக்கு நேராக ஐந்து ஃபவுலுக்கு ஐந்து கோடுகள். ஐந்தாவது கோட்டைச் சுற்றி டீச்சர் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தார். வட்டத்திலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பி மேல் வரிசைக்குப் போய் ஏழாம் எண்ணில் நின்றது. ஏழாம் எண் மயிலம்மாள். வேறு ஓர் எழுத்துகூட அந்தத் தாளில் இல்லை.

டீச்சருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டே பத்து வருஷம் சும்மா இருந்திருக்கிறார். அதில் எட்டு வருஷம் ஒரே அறையில், ஒரே மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஒரே பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டு.

அந்த வாரக் கடைசியிலேயே, அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ராமாயி இருக்கும் கொல்லிமலைக்கு மயிலம்மாள் கிளம்பிவிட்டாள். முதல்வரிடம், பழைய ஆட்டக்காரி ஒருத்தியை இரங்கல் கூட்டத்துக்கு அழைக்கப் போவதாகச் சொன்னாள். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

காரவள்ளி வரைக்கும் பஸ். அதற்கு மேல் ரோடு வேலை இன்னும் முடிந்தபாடில்லை. வேலைக்குச் சாமான் ஏற்றிப் போகும் லாரிகள்தான் வழி. ராமாயியின் புருஷன் சின்னுசாமி அந்த ரோடு வேலையில் மேஸ்திரி. அவருக்கு எழுதிப் போட்டதில், தார் டிரம் ஏற்றிவந்த லாரியின் முன் சீட்டில் இடம் கிடைத்தது. டிரைவர் பெயர் அர்த்தனாரி. வாய் ஓயாத மனிதர்.

"கண்ண மூடிக்கோங்க டீச்சருங்க. வளைவுல கீழ பாத்தா வயித்தக் கலக்கும்" என்றார். "நாலு மணிக்கு நான் திரும்போணும். அதுக்குள்ள வந்துருங்க. உட்டா நாளைக்குச் சாயங்காலந்தான்."

மயிலம்மாள் கண்ணை மூடவில்லை. மூடினால் அந்த இறுதி ஆட்டம் நடந்த திருச்சி மைதானம் வந்து நிற்கிறது. கீழே பார்ப்பதே தேவலை என்று இருந்தது.

பெருமாயி டீச்சர் இந்த மலையடிவாரத்துக்காரர்தான், முள்ளுக்குறிச்சி. பன்னிரண்டு வயதில் தாலியறுத்து, யார் யார் காலிலோ விழுந்து மெட்ராஸ் போய்ப் படித்து, உடற்பயிற்சி ஆசிரியையாகத் திரும்பியவர். கல்லூரியில் மற்றவர்கள் எல்லாம் மிஸ் வயலட், மிஸ் ரோஸலின் என்று இருக்க, இவர் பெருமாயி. முதல் வருஷப் பெண்கள் பெயரைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முதல் வாரம் முடிவதற்குள் சிரிப்பு போன இடம் தெரியாது. காலை ஐந்தரைக்கு மைதானத்தைப் பெருக்க வேண்டும். மில் முதலாளி மகளானாலும் துடைப்பம் பிடிக்க வேண்டும். டீச்சர் கையில் எப்போதும் குடை. மழைக்கோ வெயிலுக்கோ அது விரிந்து யாரும் பார்த்ததில்லை. அதன் முனையால் மண்ணில் கோடு கிழிப்பார். கால் தப்பாக வைத்தவளின் கணுக்காலை அதே முனையால் தட்டுவார்.

ஆட்டத்தில் யார் மேலாவது தப்பாக இடித்தால், இடித்தவள் கை தூக்க வேண்டும் என்பது எல்லா இடத்திலும் இருந்த விதிதான். ரெஃபரி விசிலடித்து எண்ணைச் சொல்வார், அந்த எண்காரி கையைத் தூக்கிக் காட்டுவாள். டீச்சரிடம் இந்தக் கதை செல்லாது. விசிலுக்குக் காத்திருக்கக் கூடாது. ரெஃபரி பார்க்காவிட்டாலும் தூக்க வேண்டும். "ரெஃபரிக்கு ரெண்டே கண்ணு, பாவம். உன் கை எங்க பட்டுதுன்னு உனக்குத் தெரியாதா? அவரு வந்து சொல்லோணுமா?" என்பார். பயிற்சியில் இன்னொன்றும் உண்டு. தப்பு செய்தவளே ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்து, இடிபட்டவள் கையில் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். சில பெண்களுக்கு இது பெரிய மானப் பிரச்சினையாக இருந்தது. ஒருத்தியின் அம்மா கல்லூரிக்கே வந்து, எங்கள் பெண் என்ன பந்து பொறுக்க வந்தாளா என்று சண்டை போட்டாள். டீச்சர் அந்த அம்மாவுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். விதி மாறவில்லை.

ஒருமுறை ஒரு பெண், "டீச்சர், இவதான் இடிச்சா, கை தூக்காம நிக்கறா" என்று பக்கத்தில் இருந்தவளைக் காட்டிக் கொடுத்தாள். டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, காட்டிக் கொடுத்தவள் மேல். மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டார். "அவ கை அவ தோள்ல இருக்குது. நீ எதுக்கு அதைத் தூக்கறே? நானே தூக்க மாட்டேன்" என்றார்.

வெளியூர் ரெஃபரிகளுக்கு இந்த அணி என்றால் கொண்டாட்டம். சேலத்துப் பெண்கள் ஆடினால் பாதி வேலை மிச்சம். விசிலை ஊதிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றால் போதும், கை தானாக மேலே வரும் என்று பேசிக்கொள்வார்கள்.

திருச்சியிலும் அப்படித்தான் நின்றார் அந்த ரெஃபரி. ஐம்பத்தேழு, கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம், எதிரே மெட்ராஸ் அணி. சேலம் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய மூன்று நிமிஷம். மயிலம்மாளுக்கும் ராமாயிக்கும் ஆளுக்கு நான்கு ஃபவுல். ஐந்தாவது விழுந்தால் வெளியே போய் உட்கார வேண்டியதுதான். கோட்டுக்கு அப்பால் நாற்காலி போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மெட்ராஸ் உடற்பயிற்சிப் பள்ளியில் சேலம் ஜில்லாவுக்கு என்று ஓர் இடம், உபகாரச் சம்பளத்தோடு. அதை ராமாயிக்குக் கொடுப்பதா மயிலம்மாளுக்குக் கொடுப்பதா என்று பார்க்க வந்தவர்கள். இது இரண்டு பெண்களுக்கும் தெரியும். முந்தின நாள் இரவுகூட ஒரே பாயில் படுத்துக்கொண்டு, யாருக்குக் கிடைத்தாலும் மற்றவளுக்கு முதல் சம்பளத்தில் ஒரு புடவை என்று பேசிச் சிரித்திருந்தார்கள்.

மெட்ராஸ் பெண் ஒருத்தி கூடைக்கு அடியில் பந்தோடு எழும்பினாள். ஒரு பக்கம் மயிலம்மாள், இன்னொரு பக்கம் ராமாயி, இருவரும் கூடவே எழும்பினார்கள். மயிலம்மாளின் கை அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் பட்டென்று விழுந்தது. எலும்பு எலும்பில் பட்ட அந்த வலியை இன்றைக்கும் அவளால் சொல்ல முடியும். விசில் ஊதியது. ரெஃபரி நின்ற இடத்திலிருந்து யார் கை என்று தெரியவில்லை. அவர் அதற்காகக் கவலைப்படவும் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மயிலம்மாள் கை தூக்கவில்லை. தூக்க வேண்டும் என்று தெரியும், தூக்கிவிடுவோம் என்றுதான் நினைத்தாள், ஆனால் நாற்காலிக்காரர்கள் இரண்டு பேரும் காகிதத்தில் எதையோ எழுதக் குனிவது கண்ணில் பட்டது. கை தொடையோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. ராமாயியின் கை.

ராமாயி வெளியே போனாள். கடைசி நிமிஷத்தில் மயிலம்மாள் ஒரு கூடை போட்டாள், கோப்பை சேலத்துக்கு வந்தது, மெட்ராஸ் இடம் மயிலம்மாளுக்கு வந்தது. கோப்பையோடு எடுத்த போட்டோவில் டீச்சர் இல்லை. வெயிலில் தலைவலி என்று சொல்லி ரயிலடிக்கு முன்னாலேயே போய்விட்டார். ராமாயியின் அப்பா இன்டர்மீடியட் படிப்பு முடிந்ததுமே பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

மயிலம்மாள் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒவ்வொரு கோடை விடுமுறை முடிந்து வரும்போதும் டீச்சர் ஒரே கேள்வியைக் கேட்பார். "ஊருக்குப் போனியே, கொல்லிமலைப் பக்கம் ஏறுனியா?" மயிலம்மாளின் ஊர் ராசிபுரம் பக்கம். மலை கூப்பிடு தூரத்தில்தான். "இல்லீங்க டீச்சர், நேரமே இல்லை" என்பாள். "சரி" என்பார் டீச்சர். எட்டு வருஷம், எட்டு சரி. பிறந்த மண் பாசத்தில் கேட்கிறார் என்று இந்தப் புத்திசாலி நினைத்துக்கொண்டிருந்தாள்.

லாரி செம்மேட்டில் நின்றபோது மணி பன்னிரண்டு. சின்னுசாமி சாலையோரம் நின்றிருந்தார். தாரும் புழுதியும் படிந்த அரை டிரவுசர், தலையில் துண்டு. "வாங்க டீச்சருங்க. ராமாயி காத்தாலயிருந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துட்டு இருக்கறா" என்றார். மலைவாழ் பெண் பிள்ளைகளின் விடுதி ஒரு சரிவின் மேல் இருந்தது. அதற்கு ராமாயி வார்டன் என்று பெயர். சமையலும் அவள்தான், பேன் பார்ப்பதும் அவள்தான்.

"மயிலு!" என்று கரண்டியோடு ஓடி வந்தாள் ராமாயி. மெலிந்திருந்தாள். முன்கையில் அடுப்புச் சூடு பட்ட தழும்புகள். கட்டிப் பிடித்தபோது உடம்பில் கேழ்வரகுக் களி வாசனை. "பத்து வருசமாச்சுடி, பாவி! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"இப்பத்தான் தெரிஞ்சுது" என்றாள் மயிலம்மாள்.

களியும் அவரைக் குழம்பும் போட்டாள் ராமாயி. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வெளியே போனார்கள். மயிலம்மாள் இரங்கல் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். அடுத்த ஞாயிறு, கல்லூரி மண்டபத்தில், பழைய மாணவிகள் எல்லோரும் வருகிறார்கள், நீயும் வர வேண்டும்.

ராமாயி தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். "டீச்சர் போனது எனக்கு அடுத்த நாளே தெரியும். முள்ளுக்குறிச்சியிலயிருந்து சொல்லி உட்டாங்க. இவரு லாரி ஏத்தி உடறேன்னாரு. நாந்தான் போகலை."

"ஏன்?"

"எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?" அவள் குரல் தணிந்தது. "வருசா வருசம் பொங்கலுக்கு ஒரு கார்டு போடுவாங்க. நல்லாருக்கியா, வந்துட்டுப் போ, அவ்வளவுதான் இருக்கும். ஒண்ணுக்குக்கூடப் பதில் எழுதலை. அன்னைக்கு முக்கியமான நேரத்துல இடிச்சுப் போட்டு வெளிய வந்தவ நான். அவங்க என்மேல எவ்வளவு நம்பிக்கை வெச்சிருந்தாங்கன்னு உனக்கே தெரியுமே. போட்டோக்குக்கூட நிக்காம போயிட்டாங்க. என்னப் பாக்கப் புடிக்காமத்தான் போனாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

இதுதான் சமயம். மயிலம்மாள் வாயைத் திறந்தாள். திறந்த வாய், "இங்கே மழை நல்லா உண்டா?" என்று கேட்டது.

"உண்டுங்க, உண்டு" என்று சிரித்தாள் ராமாயி. கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போனாள்.

மயிலம்மாளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ராமாயி மெட்ராஸ் இடத்தை இழந்தாள், சரி. அதைத்தான் பெரிய பாவம் என்று இத்தனை நாள் உள்ளுக்குள் மறைத்து வைத்திருந்தாள். அது சின்னது. பெரியது வேறு என்று இப்போதுதான் தெரிந்தது. டீச்சர் தன்னை வெறுக்கிறார் என்று நினைத்தே ஒருத்தி பத்து வருஷம் வாழ்ந்திருக்கிறாள். இனிமேல் போய்க் கேட்டுக்கொள்ளவும் டீச்சர் இல்லை. மணி மூன்றேகால். முக்கால் மணி நேரம் இப்படியே மழை, மிளகு, பலா என்று பேசிக் கழித்துவிட்டால் லாரி வந்துவிடும். அந்த நினைப்பு ஒரு நிமிஷம் அவளுக்குச் சுகமாகக்கூட இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

வெளியே பந்து தட்டும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தாள்.

விடுதிக்குப் பின்னால் சாணி மெழுகிய ஒரு களம். அறுப்புக் காலத்தில் சாமையும் கேழ்வரகும் அடிக்கிற இடம். அதன் ஓரத்துப் பலா மரத்தில் ஒரு பலகை அடித்து, தார் டிரம்மின் வாய் வளையத்தை வெட்டிச் சுருக்கி மாட்டியிருந்தது, சின்னுசாமியின் கைவேலை. எட்டுப் பத்துப் பெண்கள், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரே கூடையில் இரண்டு கட்சியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். களத்தின் ஒரு பக்கம் வேலியில்லை. அந்தப் பக்கம் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடு படி படியாகக் கீழே இறங்கியது. பந்து தப்பினால் நான்கு படி இறங்கித்தான் எடுக்க வேண்டும்.

பெரியவர்கள் யாரும் பார்க்கவில்லை. ரெஃபரி இல்லை, விசில் இல்லை. பத்து வயதிருக்கும் ஒரு குட்டிப் பெண், கூட்டத்துக்கு நடுவில், இன்னொருத்தியின் விலாவில் முழங்கையால் இடித்துவிட்டாள். இடிபட்டவள்கூடக் கவனித்தாளோ இல்லையோ, அவள் பந்தின் மேலேயே கண்ணாக இருந்தாள். குட்டிப் பெண் நின்றாள். கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கினாள். ஆட்டம் நின்றது. பந்து சரிவில் உருண்டு போயிருந்தது. குட்டிப் பெண் குடுகுடுவென்று இறங்கி ஓடி, மூச்சிரைக்க ஏறி வந்து, இடிபட்டவளிடம் இரண்டு கையாலும் பந்தைக் கொடுத்தாள். ஆட்டம் தொடர்ந்தது.

மயிலம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கல்லூரியில் இந்தப் பழக்கம் இப்போது இல்லை. டீச்சருக்கு முழங்கால் வலி வந்து, காலைப் பயிற்சியை அவள் கையில் ஒப்படைத்ததிலிருந்து மெல்ல மெல்லத் தேய்ந்துவிட்டது. காலம் மாறிவிட்டது, இந்தக் காலத்துப் பெண்களிடம் இதெல்லாம் நடக்காது என்று சப்பைக்கட்டு கட்டியிருந்தாள். நிஜம் என்னவென்றால், கை தூக்கி நிற்கும் பெண்ணை அவளால் பார்க்க முடியாது. டீச்சரின் நாற்காலியும் விசிலும் பெட்டியும் அவளிடம் இருந்தன. டீச்சர் இந்த மலை மேல், இடித்தவள் என்று பெயர் வாங்கியவளின் களத்தில் இருந்தார்.

"அது சின்னாயி. வாயாடி. ஆனா கை தூக்கறதுல சூரி" என்றாள் ராமாயி, ஈரக் கையைத் துடைத்தபடி பின்னால் வந்து. "நான் ஒரு தரம் தூக்கறதுக்கு ஒரு நிமிசம் யோசிச்சுப்போட்டேன் பாரு, அதனால இதுங்களுக்கு யோசிக்கறதுக்கே நேரம் குடுக்கறதில்லை."

"நீ யோசிச்சியா?"

"ஆமாடி. எனக்குப் பட்ட மாதிரியே தெரியலை. ஆனா ரெஃபரி நிக்கறாரு. டீச்சர் பாக்கறாங்க. நம்ம ரெண்டு பேருல ஒருத்தி கைதான். மயிலு கை பட்டிருந்தா மயிலு தூக்கியிருப்பாளே, தூக்கலையே, அப்ப என் கையாத்தான் இருக்கோணும்னு தூக்கிப்போட்டேன்."

மயிலம்மாள் களத்துக்குள் இறங்கினாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்கினாள். அந்த அளவுக்கு நிதானம் இருந்தது. பிள்ளைகள் விலகி நின்றார்கள். வளையத்துக்கு அடியில் போய், ராமாயியைப் பார்த்துத் திரும்பி நின்று, வலது கையைத் தூக்கினாள். சேலைத் தலைப்பு நழுவியது. கையை இறக்கவில்லை.

ராமாயி முதலில் சிரித்தாள். "என்னடி வெளையாட்டு இது?"

"என் கைதான் ராமாயி. மணிக்கட்டுல விழுந்தது என் கை. அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் தூக்கலை. அந்த இடம் வேணும்னு தூக்கலை." ராமாயியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "டீச்சர் போட்டோக்கு நிக்காதது என்னால. உன்னால இல்லை. உன்மேல அவங்களுக்கு ஒரு கோபமும் கிடையாது."

இடது கையால் இடுப்பில் செருகியிருந்த ஸ்கோர் ஷீட்டை எடுத்து நீட்டினாள். ராமாயி வந்து வாங்கிப் பார்த்தாள். வட்டத்தைப் பார்த்தாள். அம்பைப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பெரிய டீச்சர் ஒருத்தி கை தூக்கி நிற்கிறாள், அது புரிந்தது.

"தெரியுமா?" என்றாள் ராமாயி. "அந்தக் கெழவிக்கும் தெரியுமா? தெரிஞ்சுமா எங்கிட்டச் சொல்லலை?"

"அடுத்தவ கையைத் தூக்க மாட்டேன்னு சொல்லுவாங்களே. நானா வந்து சொல்லணும்னு காத்திருந்தாங்க. வருசா வருசம் கேட்டாங்க, மலைக்குப் போனியான்னு."

"நல்லாக் காத்திருந்தாங்க!" ராமாயிக்கு முகம் சிவந்து, அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "உங்க ரெண்டு பேரு வீம்புக்கும் நடுவுல நான் ஒருத்தி இருந்தேனே, அது யாருக்காச்சும் ஞாபகம் இருந்துதா? பத்து வருசம் இந்தக் கையத் திட்டிக்கிட்டே சோறாக்கினேன்டி. கடைசியா ஒரு தரம் அவங்க காலைத் தொட்டுக் கும்பிடக்கூடப் போகலை. அதுக்கு யாரு கை தூக்கறது?"

மயிலம்மாள் உயர்த்திய கையோடு நின்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

ராமாயி அந்தத் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகினாள். கையைச் சேலையில் துடைத்தாள்.

"கையை எறக்கு" என்றாள். "ரெண்டு ஃபவுல். நீ பண்ணுனது ஒண்ணு, டீச்சர் பண்ணுனது ஒண்ணு. எனக்கு ரெண்டு ஷாட்டு வரோணும். டீச்சருதையும் சேத்து நீதான் எடுத்துக் குடுக்கோணும். சின்னாயி, பந்தை இந்த டீச்சருகிட்டக் குடு சாமி."

சின்னாயி பந்தைக் கொடுத்தாள். மயிலம்மாள் அதை இரண்டு கையாலும் ராமாயியிடம் நீட்டினாள். ராமாயி வாங்கிக்கொண்டு, மண்ணில் கீறியிருந்த கோட்டுக்குப் பின்னால் போய், வெறுங்காலை ஊன்றி நின்றாள். இரண்டு முறை தட்டினாள். முழங்காலை மடக்கினாள். டீச்சர் சொல்லிக் கொடுத்த அதே நிலை. குடை முனை இல்லாதது ஒன்றுதான் குறை.

முதல் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து, பலாப்பிஞ்சு ஒன்றை உதிர்த்துவிட்டு, வேலியில்லாத பக்கம் உருண்டது. கிழங்குக் காட்டின் முதல் படி, இரண்டாம் படி என்று குதித்துக் குதித்துக் கீழே போனது. செடிகள் ஆடுவதை வைத்துத்தான் அது போகிற வழி தெரிந்தது.

மயிலம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். செம்மண் வழுக்கியது. ஒரு படியில் உட்கார்ந்தே சறுக்கினாள். மேலே பிள்ளைகள் சிரித்தார்கள். ஐந்தாவது படியில் பந்து கிடைத்தது. ஏறி வரும்போது ரோட்டில் அர்த்தனாரியின் ஹாரன் கேட்டது. முழங்கையில் சிராய்ப்பு, முழங்கால் வரைக்கும் மண். பந்தைத் தலைப்பால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"இது டீச்சருது" என்றாள் ராமாயி.

இந்த முறை அவள் உடனே எறியவில்லை. பந்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஹாரன் மறுபடி அடித்தது. பிறகு எறிந்தாள். பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. பிள்ளைகள் கத்திக் குதித்த குதியில் யாரும் அதைப் பிடிக்கவில்லை. அது தரையில் பட்டு, திரும்பவும் அந்தப் பக்கமே உருண்டு இறங்கியது.

"நான் எடுத்தாரட்டுங்களா?" என்று சின்னாயி ஓடினாள்.

"வேண்டாம் கண்ணு. அது நான் எடுக்க வேண்டிய பந்து" என்று மயிலம்மாள் அவளைத் தடுத்துவிட்டு இறங்கினாள். ரோட்டில் அர்த்தனாரி விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அடிக்கட்டும், நாளைச் சாயங்காலம் இன்னொரு லாரி இருக்கிறது. மூன்றாவது படியில் கால் வைத்தபோது மேலேயிருந்து ராமாயியின் குரல் வந்தது. அழுது கரகரத்த குரல், ஆனாலும் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற பழைய குரல்.

"மயிலு! ஞாயித்துக்கெழம நானும் வாரேன். மொத வரிசைல, நீ பேசற மேடைக்கு நேரா, எனக்கு ஒரு எடம் புடிச்சு வெய்யி!"